நாயை விட்டுவிட்டுப் போக வந்தவர்

சனிக்கிழமைகளில் அமெரிக்காவில் நான் இருக்கும் ஹில்ஸ்பரோவில் ஒரு விலங்குக் காப்பகத்தில் உதவிக்குப் போகிறேன். வளர்த்த நாயையோ பூனையையோ இனி வைத்துக்கொள்ள முடியாமல் கொண்டுவருபவர்களிடம் படிவம் வாங்குவது என் வேலை. சேர்ந்தபோது தந்த பயிற்சியில் முக்கியமான பகுதி நாயைப் பற்றியதே இல்லை; கொண்டுவருகிறவரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான்.

ஓரிகன் மாநிலத்தில் உள்ள எங்கள் வாஷிங்டன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), தற்கொலை மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய ஓர் அரசுக் குழு இருக்கிறது. இதற்கு வழி போட்டவர் கிம்பர்லி ரெப் என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர். வயது, ஆண், பெண் என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் காப்பாற்ற முடியாது என்று கண்டு, மரண விசாரணை அதிகாரிகளோடு சம்பவ இடங்களுக்கே போனார். அப்புறம் அவர்களுக்கு ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். இறந்தவர் கடைசி நாட்களில் எங்கெல்லாம் போனார், யாரைப் பார்த்தார் என்று தேடினால் வீட்டைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ், மோட்டல் அறை, விலங்குக் காப்பகம் என்று வந்து நின்றது. அந்த இடங்களில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2012-க்கும் 2018-க்கும் இடையில் இங்கே தற்கொலை விகிதம் 40 சதவீதம் குறைந்தது.

யார் மேல் தப்பு என்று இப்படிப்பட்ட குழு தேடுவதில்லை. எந்த வாசலில் அவரைத் தடுத்திருக்கலாம் என்று மட்டும் பார்க்கிறது.

எங்கள் சின்ன மாமா போனபோது பேப்பரில் ‘தீராத வயிற்றுவலி’ என்று வந்தது. வீட்டிலும் அதையே சொன்னோம். கடன்காரர் வந்துபோனதையும், மாமா பசுவை விற்றதையும் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. அந்தப் பசுவை அவர் ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவன் நான்.

போன குளிர்காலத்தில் ஒரு பெரியவர் கிழட்டு லாப்ரடாரோடு வந்தார். மாத்திரை டப்பா, போர்வை, சாப்பாட்டுக் கிண்ணம் எல்லாம் ஒரு பையில். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று டப்பாவில் எழுதி ஒட்டியிருந்தார். கைக்குட்டையால் அதன் கண் பீளையைத் துடைத்தார். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சரி என்று கேட்டுவிட்டேன். வாய் உலர்ந்துபோயிற்று.

“ஆமாம்” என்றார்.

நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பேசவிட்டு, என் போனிலேயே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழைத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் பேசி முடிக்கும்வரை நாய் அவர் பூட்ஸ் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது. அன்றைக்குப் படிவத்தை நாங்கள் நிரப்பவில்லை.