கிளிக்குக்குள் நிற்காத தப்பு

மாமாவின் தப்பை, அவர் அடிக்கும் தோல் பறையை, அந்தப் பாட்டிலிருந்து எடுத்தது நான்தான். பாட்டின் நன்மைக்காகத்தான் எடுத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அன்று அவர் கேட்ட கேள்வியும் அதற்கு நான் சொன்ன பதிலும் மிக்சிங்கில் உட்காரும்போதெல்லாம் குறுக்கே வந்து நிற்கின்றன.

மாமா என்றால் பாடகனின் தாய்மாமன். ஊரே அப்படி அழைப்பதால் எனக்கும் மாமா. காமன் கூத்துக்கும் தீமிதிக்கும் இழவு வீட்டுக்கும் அவர்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் தப்படிப்பது அவர் கைதான். கொழும்பில் கடையில் நின்று சேர்த்த பணத்தோடு மருமகன் மலையகத்து ஹட்டனுக்கு, என் ஸ்டூடியோவுக்கு, பாட்டுப் பதிய வந்தான். சென்னையிலிருந்து வருகிற பாட்டுகளுக்கு அடுத்துப் போட்டால் தன் பாட்டு சோடை போகக்கூடாது என்பதுதான் அவனுடைய ஆசை. அதைச் செய்து கொடுக்கத்தான் நான் காசு வாங்குகிறேன்.

எங்கள் மழைக்காலத்தில் தப்பைப் பதிவது லேசான வேலை இல்லை. தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். தாழ்வாரத்தில் பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கொளுத்தி, தப்பை நெருப்புக்கு மேலே திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். விரல் முட்டியால் தட்டினார், மறுபடி காட்டினார், 'ணங்' என்று வந்ததும் உள்ளே ஓடி வந்தார். நான் ஹெட்போனை மாட்டிவிட்டு, மைக்கை நகர்த்தி, வேகம் பிசகாமல் இருக்கக் காதில் 'டிக் டிக்' என்று ஓடும் கிளிக்கை ஓடவிடுவதற்குள் பாதிச் சூடு ஆறிவிட்டது. இரண்டாவது சரணத்தில் சத்தம் இறங்கியே போயிற்று. அதையாவது பிறகு ஓரளவு சரிக்கட்டலாம். வேகத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. கிளிக் நிமிடத்துக்கு 104 தட்டு என்று ஓடுகிறது. பல்லவியில் அதோடு வருவார். சரணம் நெருங்கும்போது முந்துவார். பாடகன் மூச்சு வாங்கும் இடத்தில் மயிரிழை பிந்துவார். கீபோர்டும் பேஸும் ஏற்கெனவே கிளிக்கில் பதிவாகியிருந்தன. தப்பு அவற்றோடு சேரவே இல்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, டாக்பேக் பொத்தானை அழுத்திச் சொன்னேன்: "மாமா, கிளிக்கை விட்டுப் போகிறீர்கள். காதில் கேட்கிற வேகத்திலேயே நில்லுங்கள்."

ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார். "தம்பி, இந்தப் பெட்டி சொல்லுகிற வேகத்துக்கு ஆடப்போவது யார்?"

"இது ஆட்டத்துக்கு இல்லை மாமா. கேட்பதற்கு."

"அப்படியென்றால் சரி" என்று தப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். குரலில் கோபம் இருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இருந்ததாகச் சொல்ல முடியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கண்டியிலிருந்து ஆக்டோபேட் என்ற மின்னணு டிரம்ஸ் வாசிக்கும் தம்பி ஒருவரை வரவழைத்தேன். நேர்த்தியாக வாசித்துவிட்டுப் போனார். பாட்டு அப்போதுதான் பாட்டாக எழுந்து நின்றது. இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஜார்ஜ் மார்ட்டினின் கதை தெரிந்ததுதான். லண்டனில் சாஸ்திரிய இசை படித்துவிட்டு, பார்லபோன் லேபிளில் நகைச்சுவை இசைத்தட்டுகள் தயாரித்துக்கொண்டிருந்தவர். 1962 ஜூனில் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்துக் குழு பதிவுக்கு வந்தபோது பீட் பெஸ்டின் டிரம்ஸ் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகஸ்டில் குழுவே பெஸ்டை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தது. செப்டம்பர் 4ஆம் தேதி ரிங்கோ வாசித்த 'லவ் மீ டூ'வும் திருப்தி தரவில்லை. 11ஆம் தேதி ஆண்டி ஒயிட் என்ற கூலிக் கலைஞரை டிரம்ஸில் உட்கார வைத்து, ரிங்கோ கையில் குலுக்குகிற தம்பூரினைக் கொடுத்தார்கள். முதலில் வெளியான இசைத்தட்டில் இருந்தது ரிங்கோவின் டிரம்ஸ்; 1963 ஆல்பத்தில் இருப்பது ஒயிட்டின் டிரம்ஸ். தம்பூரின் கேட்டால் அது ஒயிட் வாசித்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறேன். பாட்டு எதிலும் கெட்டுப்போகவில்லை.

இந்தக் கதையை எனக்குத் துணையாக வைத்திருந்தேன். பாட்டுக்கு எது வேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும். மனம் நோகும் என்று பார்த்தால் பதிவு நடக்காது. அந்தத் துணிவில்தான் மாமா கையில் சலங்கையைக் கொடுத்து, பல்லவியில் மட்டும் குலுக்கச் சொன்னேன்.

குலுக்கினார். முதல் டேக்கிலேயே முடிந்தது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு குலுக்கலும் கிளிக்கின் கோட்டிலேயே விழுந்திருந்தது. ஒன்றுகூட முந்தவில்லை, ஒன்றுகூடப் பிந்தவில்லை.

அவருக்குக் கிளிக்கில் நிற்கத் தெரியும். அப்படியானால் தப்பை வைத்துக்கொண்டு என்ன செய்தார்? சலங்கைக்கு ஒரு கை போதும், தப்புக்கு இரண்டு கையும் இரண்டு குச்சியும் வேண்டும், இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் மாசியில் காமன் நட்ட களத்தில் அவரை நான் பார்த்திருக்கிறேன். ரதியும் மதனும் ஆடும்போது அவர் கண் ஆடுகிறவர்களின் காலில்தான் இருக்கும். கால் தளர்ந்தால் அடி தளரும். கால் துள்ளினால் அடி ஏறும். ஸ்டூடியோவில் கால் ஏது? ஹெட்போனில் மருமகனின் குரல் மட்டும் இருந்தது. அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார் என்று இப்போது தோன்றுகிறது. நான் பிசகு என்று குறித்துவைத்த இடங்களெல்லாம் பையன் மூச்சு வாங்கிய இடங்கள்.

அதே மார்ட்டின்தான் 1966 கடைசியில், 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டுக்காக வேகமும் சுருதியும் வேறான இரண்டு பதிவுகளை ஒன்றாக்கியவர். இரண்டும் ஒட்டாது என்று பாட்டை எழுதிப் பாடிய பீட்டில்ஸ் ஜான் லெனனிடம் சொல்லிப் பார்த்தார், லெனன் விடவில்லை. ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் அவரும் நாடாவின் வேகத்தை மாற்றி ஒட்டவைத்தார்கள். இன்று என் கணினியில் இன்னும் எளிது. மாமாவின் அடியை முதலில் பதிந்து, கிளிக்கை அதன் பின்னால் வளைத்திருக்கலாம். ஆனால் கீபோர்டையும் பேஸையும் மறுபடி பதிய வேண்டும். அதற்கான ஸ்டூடியோ நேரம் யார் காசு? மார்ட்டினுக்கு நேரம் கொடுத்தது ஈஎம்ஐ நிறுவனம். என்னிடம் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பையன் நின்று நின்று சேர்த்த சம்பளம். இந்த வாதத்தை என்னால் இன்னும் உடைக்க முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒயிட் வாசித்த அந்த 11ஆம் தேதிப் பதிவைப் பெரும்பாலும் நடத்தியது மார்ட்டினே அல்ல, அவருடைய உதவியாளர் ரான் ரிச்சர்ட்ஸ். ரிங்கோவின் முகத்துக்கு நேரே நின்று மார்ட்டின் அதைச் சொல்ல வேண்டியிருந்ததா என்றே சந்தேகமாக இருக்கிறது. என் முன்னால் இருந்தது கண்ணாடிதான் என்றாலும் மாமாவின் முகம் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

பாட்டு வெளிவந்தது. அந்த வருடம் டிவிஷன் திருவிழாவில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். இளவட்டங்கள் ஆடித் தீர்த்தார்கள், 104இலேயே. ஆட்டத்துக்கு இல்லை என்று மாமாவிடம் நான் சொன்னது பொய்யாகிவிட்டது. அந்த வேகத்துக்கு ஆட ஆள் இருந்தது. இது எனக்குச் சாதகமா பாதகமா என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

மருமகன் அடுத்த பாட்டுக்கு வந்திருக்கிறான். கண்டித் தம்பியையே கூப்பிடலாம் அண்ணன் என்கிறான். சரி என்று சொல்லி நாளும் குறித்துவிட்டேன். மாமாவிடம் நீ சொல்ல வேண்டாம், தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய் நானே சொல்லிவிட்டு வருகிறேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். எதற்கு அண்ணன், மாமாதான் ஒன்றும் நினைக்கவில்லையே என்றான்.