கோபுரம் கட்டாத சாமி

நம் கடற்கரை ஊர்களில் ஒரு பங்குச் சாமியாரைப் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி, "அவர் எதைக் கட்டினார்?" என்பதுதான். கோபுரம், கொடிமரம், கெபி (மாதா குகை), கலையரங்கம் என்று ஆளுக்கொரு கல்வெட்டு இருக்கும். நம் பள்ளிக்கு நெடுங்காலம் தாளாளராக இருந்த சாமியின் பெயரில் ஒரு கல்லும் கிடையாது. வளைகுடாவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியவே தெரியாது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

லத்தீனில் பூசை படித்து, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழுக்கு மாறிய தலைமுறை அவர். மாற்றலாகிப் போனவரை ஊரார் ஆயரிடம் கேட்டு மறுபடியும் அழைத்துவந்தார்கள். நான் படித்தது அந்த இரண்டாவது தவணையில்.

கரைக்கு வரும் மீனில் கோயிலுக்கு ஒரு பங்கு உண்டு, குத்தகை என்போம். ஏலத்தில் போனது எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு, வட்டிக்காரருக்கு எவ்வளவு என்று மீன் பிடித்தவருக்கே தெரியாத காலம். சாமி பள்ளியிலிருந்து ஒரு கரும்பலகையைத் தூக்கிவரச் செய்து கோயில் வாசலில் சாத்தினார். சனிக்கிழமை சாயங்காலம் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்து அந்த வாரத்து வரவு செலவை அதில் எழுத வேண்டும். என் முறை வந்த ஒரு நாள், கொடுத்த சீட்டில் மண்ணெண்ணெய்ச் செலவு ஒரு ரூபாய் இடித்தது. "எழுதாத மக்களே, அந்த ரூவா எங்க போச்சுன்னு கேட்டுட்டு வா" என்று கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார். அந்த ரூபாய்க்குப் பதில் கிடைக்கும்வரை சுண்ணாம்புக்கட்டியைக் கையில் தரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் பலகை முன் கூட்டம் நிற்கும். எழுத்து தெரியாத அப்பாமாருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவோம். என் அப்பா திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அடுத்த வாரமே, கட்டுமரத்துக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்த என் தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்.

எங்கள் மீனவர் சங்கம் பிறந்தது அந்தப் பலகையில் என்பேன். மறைமாவட்டத்தின் கோட்டாறு சமூக சேவைச் சங்கம் கரையெங்கும் இப்படிப்பட்ட சங்கங்களுக்குத் துணைநின்றது. குமரிக் கரையிலுள்ள முட்டத்தில் பெல்ஜியம் நாட்டுச் சாமியார் பியர் ஜில்லே பிளைவுட் வள்ளங்கள் கட்டும் தொழிலைக் கொண்டுவந்தார். நம் ஊரில் கணக்கு வாசிக்கத் தெரிந்த பையன்கள் இருந்தார்கள். ஏலமும் சேமிப்பும் சங்கத்தின் கைக்கு வந்தன.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சாமி ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சுனாமிச் செய்தி கேட்டு, தள்ளாத வயதில் கரைக்கு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஒரு நாற்காலி போட்டு, நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்கினார். பெயர், அப்பா பெயர், வள்ளம், கழுத்தில் கிடந்த உத்திரியம் என்ற மாதா துணிப்பட்டையின் நிறம். பெயர் தெரியாதவர்களுக்குச் சேலையின் கரை. எழுதாமல் ஒரு உடலையும் குழிக்குள் இறக்க விடவில்லை. ஆளைக் காணாமல் அலைந்த எத்தனையோ குடும்பங்கள் பிறகு அந்த நோட்டைப் பார்த்துத்தான் தங்கள் ஆளின் குழியை அறிந்தன.

அந்த நோட்டும் பழைய குத்தகைக் கணக்குகளும் இன்று மேடையில், அதாவது பங்குச் சாமியார் வீட்டில், ஒரு மர அலமாரியில் கிடக்கின்றன. கீழ்த்தட்டில் கரையான் ஏறிவிட்டது. பங்குப் பேரவையிடம் பேசினேன், ஸ்கேன் செய்துகொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். வரும் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் இங்குள்ள நம் ஊர்ச் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். மழைக்கு முன் முடித்துவிட வேண்டும்.