காரைக்குடியில் சைக்கிள் பேரணிக்கு அனுமதி வாங்கிய கதை

பேரணி நல்லபடியாக முடிந்துவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. தேவகோட்டையிலிருந்தும் புதுவயலிலிருந்தும் சிலர், "நாங்களும் செய்யலாம்னு இருக்கோம், எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதற்காகப் பேரணி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் உடற்பயிற்சிக்காக ஓட்டுபவர்கள் அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரர்கள், சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வரும் கொத்தனார்கள், சித்தாட்கள், பூ விற்கும் அக்காமார்கள். அரசாங்கமே ஆண்டுதோறும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. அந்தச் சைக்கிளை ஓட்டிப்போக ரோட்டில் இடம் எங்கே? தார் மேல் தார் போட்டு உயர்ந்துபோன ரோட்டுக்கும் பக்கத்து மண்ணுக்கும் நடுவில் ஒரு சாண் இறக்கம். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் பிள்ளை அந்த விளிம்பில்தான் இறங்கியாக வேண்டும். முன்சக்கரம் மண்ணில் இறங்கிவிடும், பின்சக்கரம் தார் விளிம்பில் உரசும், ஹேண்டில் கையை மீறித் திரும்பும். பல இடங்களில் வடிகால் மேலுள்ள இரும்பு மூடியின் கம்பிகள் ரோடு போகும் திசையிலேயே இருக்கின்றன. சைக்கிள் டயர் அந்த இடைவெளிக்குள் அப்படியே போய்ச் செருகிக்கொள்ளும். இதைச் சரிசெய்யுங்கள், செக்காலை ரோட்டிலும் கல்லூரிச் சாலையிலும் ஓரமாகச் சைக்கிளுக்கென்று கோடு போட்டுத் தாருங்கள், பள்ளி விடும் நேரத்தில் லாரிகளை ஊருக்குள் விடாதீர்கள் என்பதுதான் கேட்டது.

ஆட்களைச் சேர்ப்பது சிரமமாக இல்லை. பஞ்சர் ஒட்டும் சைக்கிள் கடை அண்ணன் ஒருவர் கடை வாசலில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டார், பெயர்கள் தானாக நிறைந்தன. எங்களைத் தின்றது தாளும் சீலும்தான்.

முதல் கடிதத்தை ஊரிலுள்ள ஒரு காவல் நிலையத்தில் கொடுத்தோம். நாள், நேரம், வழித்தடம், பொறுப்பாளர்களின் பெயர், முகவரி, ஆதார் நகல் எல்லாம் வைத்திருந்தோம். வாங்கியவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "வச்சுட்டுப் போங்க, ஐயா பாத்துட்டுக் கூப்பிடுவாங்க" என்றார். நகலில் ஒரு சீல் வேண்டும் என்று கேட்டேன். "பெர்மிஷனே இன்னும் குடுக்கல, அதுக்குள்ள என்ன சீலு?" என்று கடிதத்தை மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டார். மறுபடி கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன்தான், "வாங்க தம்பி, போலாம்" என்று கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார்.

அழைப்பே வரவில்லை. நாங்களே போனோம். "அப்படி ஒண்ணும் இங்க வரலையே" என்றார் அதே மனிதர், அதே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு. எனக்குக் கை நடுங்கியது. நாள் நெருங்குகிறது, கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். எந்த அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும் இரண்டு நகல் கொண்டுபோங்கள். ஒன்றில் தேதியோடு சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். நேராகத் தபால் நிலையம் போய் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அனுமதியை இழுத்தடித்தாலோ மறுத்தாலோ உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம், நம் பகுதி அதன் எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் மனு கொடுத்தோம் என்பதற்கே ஆதாரம் இல்லாவிட்டால் வக்கீல் எதை வைத்துப் பேசுவார்? மறுப்பையும் எழுத்தில்தான் கேட்க வேண்டும். "இப்ப வேணாம்ப்பா" என்று வாயால் சொல்வதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது கடிதத்தைத் தபாலிலும் போட்டு நேரிலும் கொண்டுபோனோம். அப்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. எங்கள் வழித்தடம் இரண்டு காவல் நிலைய எல்லைகளைத் தொட்டது. ஒரு இடத்தில் கேட்டால், "பாதி ரோடு அவங்க லிமிட்டுல வருது, அங்க வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள். அங்கே போனால், "புறப்படுற எடத்துல குடுத்தாத்தான் நாங்க குடுக்க முடியும்." இதற்கு ஒரே வழி இரண்டுக்கும் மேலே உள்ள அலுவலகத்துக்கு ஒரே கடிதமாக எழுதி, இரு நிலையங்களுக்கும் நகல் என்று கீழே குறிப்பிடுவது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ பேருடைய அரைநாள் கூலி மிச்சமாகியிருக்கும். எங்களோடு வந்த கொத்தனார் அண்ணன் ஒவ்வொரு தடவையும் வேலையை விட்டுவிட்டுத்தான் வந்தார்.

மேல் அலுவலகத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். உட்காரச் சொன்னார்கள். ஆனால் அங்கேதான் பெரிய இடி விழுந்தது. "கோரிக்கைப் பக்கத்தை எடுத்துடுங்க சார். சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வுன்னு போட்டுக் குடுங்க, இன்னைக்கே கையெழுத்து ஆயிடும்" என்றார் அங்கிருந்த எழுத்தர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதற்கு ஒத்துக்கொண்டால் நாங்கள் பிள்ளைகளைப் பார்த்து, "ஓரமாகப் போங்கள், கவனமாகப் போங்கள்" என்று அட்டை பிடித்துக்கொண்டு போயிருப்போம். ஓரமே இல்லாத ரோட்டில் ஓரமாகப் போ என்று பிள்ளைக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. கேட்க வேண்டியது ரோடு போடுகிறவர்களிடம். எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டோம்.

உடனே பிரிவு 30(2) வந்தது. 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் அந்தப் பிரிவு அமலில் இருந்தால் முன் அனுமதி இல்லாமல் ஊர்வலமோ கூட்டமோ நடத்தக்கூடாது. நம் பக்கத்தில் அது அடிக்கடி அமலுக்கு வரும். உத்தரவு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். நாங்கள் கேட்டோம். நாங்கள் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமை அதற்குள் வந்தது உண்மை. ஆனால் அனுமதி வாங்கி நடத்தலாம் என்பதுதான் அந்தப் பிரிவு சொல்வது. நடத்தவே கூடாது என்று அல்ல. அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவில் இருக்கிறது, அதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தோம். அதோடு ஒன்று, அக்டோபர் கடைசி வாரத்தில் மட்டும் நாள் குறிக்காதீர்கள். 27ஆம் தேதி காளையார்கோவிலில் மருதுபாண்டியர் குருபூஜை, 30ஆம் தேதி பசும்பொன்னில் தேவர் குருபூஜை. மாவட்டக் காவலர்கள் மொத்தப் பேரும் பந்தோபஸ்தில் இருப்பார்கள். அப்போது போய்க் கேட்பதும் நியாயமில்லை.

அப்புறம் வழித்தடம். "மெயின் ரோடு வேணாம், உள்தெரு வழியா போயிடுங்க" என்றார்கள். உள்தெருக்களைப் பற்றி எங்களுக்கும் ஒரு கோரிக்கை இருந்தது. செட்டிநாட்டு ஊர்களில் வீட்டின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் இணையாக ஓடும். மெயின் ரோட்டுக்குப் பக்கத்திலேயே அமைதியான, நேரான, நிழலுள்ள தெரு தயாராகக் கிடக்கிறது. அவற்றை இணைத்து, குறுக்கே வரும் சந்திப்புகளில் மட்டும் வேகத்தடையும் பலகையும் வைத்தால் பாதி ஊருக்குச் சைக்கிள் வழி கிடைத்துவிடும். பெரிய செலவும் இல்லை. இது எங்கள் மனுவிலேயே இருந்தது. ஆனால் பேரணி மெயின் ரோட்டில்தான் போக வேண்டும், ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் எங்களைக் காப்பாற்றியவர் ஒரு பெண் எஸ்.ஐ. பெயர் சொல்ல மாட்டேன். வழித்தடத்தை விரித்து வைத்துப் பொறுமையாகக் கேட்டார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பவர்களுக்குக் காவல்துறையே பக்கத்தில் நின்று, ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி, ரோட்டோரம் இடம் விடச் செய்கிறதே என்று நான் சொன்னேன். கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலைல ஆறு மணிக்கு முன்னாடி கிளம்பிடுவீங்களா? இடது ஓரம், ரெண்டு ரெண்டு பேரா, மைக் இல்லாம?" என்றார். சரி என்றோம். மைக்குக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பதால் அதை விட்டதே நல்லதாயிற்று. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெற்றோர் கையெழுத்தோடு, பெரியவர் ஒருவர் கூட வந்தால்தான் என்றும் சொன்னார். அதுவும் சரிதான்.

இதற்கு நடுவே சிவகங்கைக்கும் ஒரு வீண் பயணம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கோரிக்கை மனுவைக் கொடுத்தோம். வரிசையில் நின்று, பதிவு செய்து, எண்ணும் வாங்கியாயிற்று. பஸ்ஸில் திரும்பும்போது மனதுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு வந்த பதிலைப் பார்த்தால், மனு சுற்றிச் சுற்றி எங்கள் ஊரில் ஏற்கெனவே "இது எங்க ரோடு இல்லீங்க" என்று சொன்ன அலுவலகத்துக்கே போயிருக்கிறது. அவர்களும் அதையே ஒரு வரியில் எழுதி அனுப்பிவிட்டார்கள். "மனு முடித்துவைக்கப்பட்டது." அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரோடு யாருடையது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி. காரைக்குடி 2024இல் மாநகராட்சியானது. தெருக்கள் அதனிடம். சில முக்கியச் சாலைகள் மாநில நெடுஞ்சாலைத்துறையிடம். திருச்சி–ராமநாதபுரம் சாலை தேசிய நெடுஞ்சாலை. ஒரே நேர்கோட்டில் சைக்கிள் மிதிக்கும் பிள்ளை எத்தனை இலாகாக்களைக் கடக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியவர்கள் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள்.

இதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை சாலை எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளது, வடிகால் மூடி யாருடையது என்று சந்திப்பு சந்திப்பாகப் பிரித்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பிரிவு 6(3)இன்படி உரிய துறைக்கு 5 நாளுக்குள் அவர்களே மாற்றிவிட்டு நமக்கும் தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு வந்த பதிலில் எந்தத் துண்டு யாருடையது என்று தெளிவாக இருந்தது. அன்றைக்கு அண்ணன் கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

"சைக்கிளுக்கெல்லாம் ஸ்கீம் இல்லீங்க" என்றும் ஒரு பொறியாளர் சொன்னார். இதற்கும் தயாராகப் போங்கள். மத்திய அரசின் 2006 தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலைகளுக்கான தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) சைக்கிள் பாதைகளுக்கென்றே வைத்திருக்கும் ஐ.ஆர்.சி. 11 வழிகாட்டி, மோட்டார் இல்லாத போக்குவரத்துக்காக 2014இல் சென்னை மாநகராட்சி ஏற்ற கொள்கை, மூன்றின் பெயரையும் மனுவில் குறிப்பிட்டு முதல் பக்கங்களை நகலெடுத்து இணைத்தோம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

எழுத்தில் அனுமதி கைக்கு வந்தது பேரணிக்கு முதல் நாள் சாயங்காலம்.

கம்பன் மணிமண்டபத்தருகே விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. பால்காரர்கள் கேன் கட்டியபடியே வந்தார்கள். கோட்டையூர் பக்கமிருந்து பிள்ளைகள் அப்பாக்களோடு வந்தார்கள். பெரியார் சிலை வழியாகச் செக்காலை ரோட்டில் சென்று கல்லூரிச் சாலையில் முடித்தோம். அனுமதிக் கடிதத்தின் நகலை வரிசையின் முன்னால் ஒருவரும் கடைசியில் ஒருவரும் வைத்திருந்தோம். வழியில் ஒரு காவலர் நிறுத்திக் கேட்டபோது அது உதவியது.

எங்களோடு அரிமளத்துக்காரர் ஒரு அக்கா வந்தார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அதில் இவரும் ஒருவர். "அப்ப ஊர்ல கேலி பேசுனவங்களுக்குத்தான் பயந்தோம் தம்பி, ரோட்டுக்குப் பயந்ததில்ல" என்றார். இப்போது அவர் பேத்தியை ரோட்டில் சைக்கிளோடு விட மறுக்கிறார். நிற்காமல் முழுத் தூரமும் மிதித்தார்.

பேரணிக்குப் பிறகு மாநகராட்சியிலிருந்து ஒரு பொறியாளர் வந்து எங்களோடு நடந்து பார்த்தார். அவர்கள் பொறுப்பிலுள்ள இரும்பு மூடிகளில் சிலவற்றைக் கம்பி குறுக்காக வரும்படி திருப்பிப் போட்டுவிட்டார்கள். தார் விளிம்பு அப்படியேதான் இருக்கிறது, சைக்கிள் கோடும் இன்னும் போடவில்லை. அந்தத் துண்டுகள் நெடுஞ்சாலைத்துறையுடையவை. தகவல் உரிமைப் பதிலை இணைத்து அவர்களுக்குத் தனி மனு போயிருக்கிறது, ஸ்பீடு போஸ்ட் ரசீது என்னிடம் இருக்கிறது.

தேவகோட்டை, புதுவயல் நண்பர்களே, நாள் குறிப்பதற்கு முன்னால் உங்கள் ரோடு யாருடையது என்ற மனுவைப் போட்டுவிடுங்கள். பதில் வர ஒரு மாதம் ஆகும். எங்கள் அனுமதிக் கடிதம், பெற்றோர் சம்மதப் படிவம், வழித்தட வரைபடம் மூன்றின் நகலும் அண்ணன் கடையில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளலாம்.