கொச்சிக்கடையில், புத்தகத்தின் மேல் ஒரு பிள்ளை

கொழும்பு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலருகே, கண்ணாடிப் பேழைக்குள் ஒரு சுரூபமும் அதனோடு ஒரு திருப்பண்டமும் இருக்கின்றன. புனிதரின் நாவிலிருந்து எடுத்த சின்னஞ்சிறு துணுக்கு அது. 1195இல் லிஸ்பனில் பிறந்து 1231இல் பாதுவாவில் இறந்தவர் அந்தோனியார். 1263இல் அவருடைய கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணோடு மண்ணாகியிருந்தது. நாவு மட்டும் அழியாமல் இருந்ததாம். வாழ்நாளெல்லாம் பிரசங்கம் செய்த நாவு. கூட்டம் நெருக்கியடிக்கும் செவ்வாய்க்கிழமைகளில் பலரும் கண்ணாடியைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நான் இந்தத் தடவை போனதே அந்த நாவைத் தேடித்தான்.

காரணம் இதுதான். தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பது வழக்கம். ஆண்டவருடைய பாடுகளைப் புலம்பல் இராகத்தில் இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். நெடுங்காலமாக வாசித்துவந்த பெரியவருக்குக் குரல் போய்விட்டது. “இனி நீங்கதான் வாசிக்கணும்” என்றார் பங்குச் சுவாமி. எனக்குப் பயம். அது வெறும் வாசிப்பு இல்லை. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் எழுதியது. கொங்கணி பேசும் மனிதர் தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரண்டிலும் நூல்கள் எழுதினார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார் ஒளிந்து திரிந்த காலம் அது. பூசை வைக்கக் குரு கிடைக்காத ஊர்களில் எழுத்தும் இராகமும்தான் விசுவாசத்தைக் காத்தன. இலக்கியம் விசுவாசத்துக்கு ஓர் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு ஒன்றே போதும் என்பேன்.

ஜிந்துப்பிட்டியில் இருக்கும் அக்கா ஒருவரும் என்னோடு வந்தார். முருக பக்தை. செவ்வாய் முருகனுக்கும் உகந்த நாள். காலையில் முருகன் கோயில், பிறகு அந்தோனியார் என்பது அவர் சின்ன வயதிலிருந்தே வைத்திருக்கும் ஒழுங்கு. கொழும்பில் இது புதினமே இல்லை. வரிசையில் சிங்களப் பெண்கள் நின்றார்கள், முக்காடிட்ட ஒரு தாயும் நின்றார்.

கோயிலின் தொடக்கம் பற்றி ஒரு மரபுக்கதை உண்டு. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு, கடலரிப்பால் தவித்த மீனவர்களுக்காக மணலில் சிலுவை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது என்பார்கள். இப்போதைய கோயில் 1834இல் மந்திரிக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று நடந்த குண்டுத் தாக்குதலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஆண்டு ஜூன் 12இல், திருநாளுக்கு முந்தின நாள், கோயில் மறுபடி திறந்தது.

மெழுகுதிரி விற்கும் இடத்தில் அக்கா ஒரு சிறிய படம் வாங்கினார். வரிசையில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், “அந்தப் பிள்ளையை ஏன் தம்பி புத்தகத்துக்கு மேல வச்சிருக்காங்க?” என்று கேட்டார்.

எத்தனையோ தடவை பார்த்த படம். பழுப்பு அங்கி, லீலி மலர், கையில் விரித்த புத்தகம், அதன்மேல் பாலன் இயேசு. பிள்ளையின் கால் எழுத்துகளின் மேலேயே பதிந்திருந்தது. “வாக்கு மனுவுருவானார்” என்று யோவான் நற்செய்தி சொல்வதை ஓவியர் ஒருவர் வரைந்தால் வேறு எப்படி வரைவார்? ஏட்டில் இருந்த வார்த்தை எழுந்து, கைகால் முளைத்து, நம் தோளுக்கு எட்டும் உயரத்தில் வந்து நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டில் படங்களை உடைத்தவர்களுக்கு எதிராகத் தமஸ்கு யோவான் என்ற துறவி எழுதியதும் இதைத்தான்: நான் சடப்பொருளை வணங்கவில்லை, எனக்காகச் சடப்பொருளானவரை வணங்குகிறேன். 787இல் நிசேயாவில் கூடிய திருச்சபையின் பொதுச்சங்கமும் திருவுருவ வணக்கத்தை உறுதிசெய்தது. அதே உயிர்த்த ஞாயிறில் தாக்கப்பட்ட கட்டுவாப்பிட்டிக் கோயிலில் இரத்தம் தெறித்த உயிர்த்த இயேசுவின் சுரூபத்தைக் கழுவாமல் அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்களே, அதன் முன் நிற்கும்போது இது வாதமாகத் தோன்றாது. உயிர்த்தவருடைய உடலிலும் காயங்கள் இருந்தன.

அக்காவுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. அந்தோனியாருடைய சங்கீதப் புத்தகம் ஒருநாள் களவு போனதையும், எடுத்துப்போன இளம் துறவி திருப்பிக் கொண்டுவந்து கொடுத்ததையும் சொன்னேன். தொலைந்ததற்கெல்லாம் அந்தோனியாரைத் தேடுவது அந்தப் புத்தகத்திலிருந்து வந்த பழக்கம்.

எங்களுக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார். கையில் பிளாஸ்டிக் உறையில் ஒரு புகைப்படம், பாடசாலைச் சீருடையில் ஒரு பையன். உறையின் மூலைகள் தேய்ந்து மங்கியிருந்தன. “மன்னாரில இருந்து வாறன். இவன் வருவான் எண்டுதான் தம்பி” என்றார். முறை வந்ததும் படத்தைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார், பையனின் முகம் புனிதரைப் பார்க்கிற மாதிரி.

இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964இல் மத்தேயு நற்செய்தியைப் படமாக்கினார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். அந்தப் படத்தைத் திருத்தந்தை 23ஆம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் தேர்ந்தெடுத்த 45 படங்களில் அதுவும் ஒன்று. சிலுவையடியில் நிற்கும் மரியாளாக நடித்தவர் பசோலினியின் சொந்தத் தாய். 1945இல், போர்க்காலத்தில், இளைய மகனைப் பறிகொடுத்தவர். அந்த அழுகையை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. மன்னார் அம்மாவின் பக்கத்தில் நின்றபோது எனக்கு அந்த முகம்தான் நினைவில் வந்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் இலக்கிய வாசிப்பைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். இளம் வயதில் இயேசு சபைப் பாடசாலையில் இலக்கியம் படிப்பித்தவர் அவர். இன்னொருவருடைய குரலுக்குச் செவிகொடுப்பதுதான் இலக்கியம் என்ற கருத்தை அதில் எடுத்துச் சொல்கிறார். குருத்துவ மாணவர்களை மனதில் வைத்துத் தொடங்கிய கடிதம் என்றாலும், எங்களைப் போல பங்குகளில் வாசகம் வாசிப்பவர்கள் எல்லாரும் படிக்க வேண்டியது அது. என் குரல் நன்றாக இருக்குமா, இராகம் தப்புமா என்ற யோசனையோடுதான் நான் கோயிலுக்குள் போயிருந்தேன். அந்த யோசனையில் என்னைத் தவிர வேறு யாருமே இல்லை.

“மகன்ட பேர் என்ன அம்மா?” என்று அக்கா கேட்டார். சொன்னார். மூவரும் சேர்ந்து மெழுகுதிரி கொளுத்தினோம். அக்கா தான் வாங்கிய படத்தை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தனக்கு இன்னொன்று வாங்கிக்கொண்டார்.

வியாகுலப் பிரசங்கத்தில் அந்தப் பெயரைச் சேர்க்க முடியாது. தலைமுறை தலைமுறையாக வந்த வாசகம். என் இஷ்டத்துக்கு ஒரு சொல்லும் கூட்டக் கூடாது. ஆனால் தாயின் துயரம் வரும் இடங்களை யாருக்காக வாசிக்கப் போகிறேன் என்பது தெரிந்துவிட்டது. சுவாமிக்குச் சம்மதம் சொல்லிவிட்டு, இராகம் பழகப் பின்னேரமே பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவரால் பாட முடியவில்லை. எங்கே மூச்சை நிறுத்த வேண்டும் என்று கையால் காட்டிக்கொண்டே வந்தார்.