மூப்பரைத் தேடிய லெந்து நாட்கள்

2 மார்ச் 2025, ஞாயிறு

வயது முதிர்ந்து விலகும் சபை மூப்பருக்குப் பதிலாக ஒருவரை, ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான இந்த லெந்துக்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று போதகர் ஐயா இன்று அறிவித்தார். ஐந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போதகர் அவர் ஒருவரே என்பதால், மாதத்தில் மூன்று ஞாயிறு எங்கள் சபையை நடத்துவது மூப்பர்தான். கோவில் வாசலிலேயே இரண்டு பெயர்கள் அடிபட்டன. இருவரும் கணீரென்று ஜெபிப்பவர்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் உரக்கப் பேர் கூப்பிட்டவருக்குக் கீழ்ப்படிந்தே தலைமுறைகளைக் கழித்த நமக்கு, தலைவர் என்றவுடன் குரல்தான் முதலில் காதில் விழுகிறதோ என்னவோ.

5 மார்ச், சாம்பல் புதன்

முன்பு ஒருமுறை, சபைக்கு வந்து மூன்று மாதமே ஆன ஒருவரை அவருடைய பிரசங்கத்தில் மயங்கிப் பொறுப்பில் வைத்தோம். இரண்டு ஆண்டுகள் காணிக்கைக் கணக்கு வாசிக்கப்படவில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று நாங்களும் வாய் திறக்கவில்லை. பிறகு நடந்ததை இங்கே எழுத மனமில்லை. யார்மேலும் அவசரப்பட்டுக் கை வைத்துப் பொறுப்பில் அமர்த்த வேண்டாம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது எங்களுக்கும் வாசிக்கப்பட்டதுதான்.

அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை இன்றிரவு மறுபடி படித்தேன். சபையை மேற்பார்க்கும் கண்காணிக்கு வேண்டியவையாக அங்கே சொல்லப்படுவனவற்றில் மேடையில் தெரியக்கூடியது போதிக்கும் திறமை ஒன்றுதான். நிதானம், பண ஆசையின்மை, சண்டைக்குப் போகாமை, வீட்டை நடத்தும் விதம் ஆகிய மற்றவையெல்லாம் கூடவே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். (நம் வேதாகமத்தில் அந்தச் சொல் ‘கண்காணி’ என்றே இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், தோட்டத்தில் வேலை வாங்கிய கங்காணியின் நினைப்பில் மலையகத்தானுக்கு ஒரு கணம் திக்கென்கிறது.) சுவரோடு சுவராக அறைகள் ஒட்டிய லயத்து வீடுகளில், பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காத சண்டை ஏது?

9 மார்ச், ஞாயிறு

புறம்பே இருப்பவர்களிடமும் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது அதே அதிகாரம். ஆகவே கோவில் பக்கம் வராத அயலவர்களிடமும் பேச்சோடு பேச்சாக விசாரித்தேன். மாரியம்மன் கோவில் தெருவில் இருக்கும் பாட்டி யோசிக்காமல் சொன்னது, மேட்டு லயத்தில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவின் பெயரை. பாட்டியின் மருமகளுக்கு நடுராத்திரியில் வலி வந்தபோது ஆஸ்பத்திரிவரை கூடவே போய், மறுநாள் வேலைக்குப் போகாமல் 1,350 ரூபாய்ச் சம்பளத்தை இழந்தவர் அவராம். பத்து வருடமாக ஞாயிறு பாடசாலை நடத்துபவரும் அவரே. எங்கள் வாயில் அவர் பெயர் வரவேயில்லை.

16 மார்ச், ஞாயிறு

சபைக்கூட்டத்தில், பெண் மூப்பராகலாமா என்று பெரியப்பா ஒருவர் கேட்டார். வேதத்தை ஊன்றிப் படிப்பவர் என்பதால் அவரை யாரும் அடக்கவில்லை. நம் சபை ஒழுங்கில் தடையில்லை என்று விளக்கிய போதகர் ஐயா, ரோமர் 16ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களை வாசித்தார். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்று பெபேயாளை அறிமுகம் செய்த கையோடு, அவளுக்குத் தேவையானதில் உதவுங்கள் என்றும் பவுல் கேட்கிறார். பெரியப்பா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியென்றால் நாம் என்ன உதவி செய்யப்போகிறோம்?” என்றார்.

சங்கடமான கேள்வி அது. 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். அவர்களுக்கான செலவில் பெரும்பகுதியைக் கோப்பித் தோட்டத் துரைமார் கொடுத்தார்கள். ஊழியரைத் தாங்குவது வேறு யாருடைய வேலையோ என்ற நினைப்பு அன்றே நமக்குள் ஊறிவிட்டது என்பது என் எண்ணம். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கத் தாத்தா ஆயர் லியோ நாணயக்காரவைப் பற்றி அடிக்கடி சொல்வார். கண்டி ஆயராக இருந்தவர் 1972இல் புதிய பதுளை மறைமாவட்டத்துக்கு முதல் ஆயராகப் போனார். அப்படி நம்மிடையே ஊழியத்துக்கு வருபவர்களைப் புகழ்ந்தோமே தவிர, பின்னால் நின்று தாங்கினோமா?

23 மார்ச், ஞாயிறு

அக்காவிடம் பேசினோம். பொன்னாடை, மாலை எதுவும் வேண்டாம் என்றவர், மூன்று விடயங்களைக் கேட்டார்: மாதக் கணக்கைச் சபைக்கு முன்னால் வேறொருவர் வாசிக்க வேண்டும், தான் தவறினால் முகத்துக்கு நேரே சொல்ல இருவர் வேண்டும், இரவு நேர ஆஸ்பத்திரிப் பயணங்களுக்கு முறை வைத்து ஆட்கள் வர வேண்டும். பெரியப்பா கணக்கு வாசிக்க ஒப்புக்கொண்டார். முறைப் பட்டியலை எழுதக் கொப்பியைத் திறந்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. புதன் இரவுக்கு என் பெயரை எழுதினேன். வெள்ளியும் சனியும் இன்னும் காலியாக இருக்கின்றன.