வெள்ளைப் பென்சில் மட்டும் அப்படியே

12 கலர் பென்சில் டப்பாவில் நீலம்தான் முதலில் கட்டைவிரல் அளவுக்குத் தேயும். வானம் முழுக்க அதன் தலையில்தானே! வெள்ளை புதுசாகவே கிடக்கும். நீலத்தின் மேல் மஞ்சளைத் தேய்த்தால் பச்சை வரும்; ஆனால் மஞ்சள் முனையில் அழுக்கு ஒட்டி, அடுத்து வரையும் சூரியனுக்குக் காய்ச்சல் வந்த முகம்.

இன்றைக்கும் பழுப்பும் வெளிர்நீலமும் சேர்ந்து கண்ணில் பட்டால் எனக்கு மழைநாள் மத்தியானம்தான். ஜன்னலோரத் தரையில் குப்புறப் படுத்து, சீவல் சுருளை ஊதிக்கொண்டு. கறுப்பும் மஞ்சளும் குளவி. ஊதாவும் ஆரஞ்சும் அக்காவோடு போட்ட சண்டை. (அந்த ஊதாவை உடைத்தது நான்தான், இன்னும் சொல்லவில்லை.)

சிவப்புக்குப் பக்கத்தில் சாம்பல் நிறம் லேசாகப் பச்சையடிக்கும். பக்கத்து நிறம் செய்யும் இந்த வேலையை 1839-லேயே செவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் எழுதிவிட்டார். நான் பென்சில் கெட்டுப்போச்சு என்று அழுதிருக்கிறேன்.