பைபாஸுக்குப் பிறகு இருமல் வர வேண்டும்

பைபாஸ் முடிந்த மறுநாள் காலையில் நோயாளி இருமவே பயப்படுவார். நடுவில் அறுத்துக் கம்பியால் கட்டிய மார்பெலும்பு அப்படி வலிக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி, பெரும்பாலும் இடப்பக்கம், சுருங்கிக்கொள்ளும், சளி தேங்கும். ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்தைக் கூட்டினால் வலி அடங்கும், மூச்சும் சேர்ந்து மந்தமாகிவிடும்.

இங்கேதான் பேராஸ்டெர்னல் பிளாக், அதாவது மார்பெலும்பின் இரு பக்கமும் ஊசியால் மருந்து விட்டு நரம்புகளை மரக்கச் செய்யும் முறை, கைகொடுக்கிறது. மார்பெலும்புக்கு உணர்வு தருபவை 2 முதல் 6 வரையிலான விலாவிடை நரம்புகளின் முன்கிளைகள். அல்ட்ராசவுண்ட் புரோபை மார்பெலும்பின் ஓரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி நெடுக்காக வையுங்கள். மேலே பெக்டோரலிஸ் என்ற மார்புத் தசை, அதன் கீழே விலாக் குருத்தெலும்புகள், இடையில் விலாவிடைத் தசை, அடியில் மூச்சோடு வழுக்கும் ப்ளூராவின் (நுரையீரல் உறையின்) வெள்ளைக் கோடு. ஊசிமுனை பெக்டோரலிஸுக்கும் விலாவிடைத் தசைக்கும் நடுவில் நிற்க வேண்டும். 1 மி.லி. சலைன் விட்டால் பெக்டோரலிஸ் முழுசாக மேலே எழும்பும். தசை உள்ளுக்குள்ளேயே உப்பினால் முனை இடம் மாறியிருக்கிறது, மருந்தை விடாதீர்கள்.

பக்கத்துக்கு 20 மி.லி., 0.25% ரோபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து: மொத்தம் 100 மி.கி. கிலோவுக்கு 3 மி.கி. என்ற வரம்பில் 60 கிலோ உடலுக்கு 180 மி.கி. வரை போகலாம். சர்ஜன் காயத்தில் போட்ட மரப்பு மருந்தும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதை விட்டுவிடுவதுதான் ஆபத்து. மரப்பு மருந்து மிகுந்து நஞ்சானால் கொடுக்க 20% லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கரைசல்) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்னும் ஆழமாக, விலாவிடைத் தசைக்கும் அடியில் போடும் முறையும் உண்டு. அங்கே உள்மார்புத் தமனி ஓடுகிறது, ப்ளூராவும் ஒட்டியிருக்கிறது. இடப்பக்கத் தமனியை கிராஃப்டுக்கு (இதயத்துக்கு மாற்று ரத்தக்குழாயாக) எடுத்திருந்தால் அந்தத் தளமே கலைந்திருக்கும். மேல்தளமே போதும் என்பது என் முடிவு. முதுகில் தண்டுவட உறைக்கு வெளியே மருந்து விடும் எபிடியூரலில் பயம் வேறு: இதய-நுரையீரல் பம்புக்காகக் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போகும் உடலில் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டலாம். மேல்தளத்தில் கசிந்தால் விரலால் அழுத்தியே நிறுத்தலாம்.

“நெஞ்சு பரவாயில்ல டாக்டர், வயித்துக்கு மேலதான் குத்துது” என்று நோயாளி சொன்னால் அது மார்பிலிருந்து ரத்தமும் நீரும் வடிய வைத்த டிரெயின் குழாய். இந்த பிளாக் அதுவரை எட்டாது. வயிற்றின் முன்தசையை ஒட்டிப் போடும் ரெக்டஸ் ஷீத் பிளாக் தனியாகப் போட வேண்டும். கிராஃப்டுக்காகச் சிரை (ரத்தக்குழாய்) எடுத்த காலின் வலியையும் இது தணிக்காது. பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுங்கள்.

ஒற்றை ஊசி பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் தேய்ந்துவிடும். பிசியோதெரபியை அதற்குள் தொடங்குங்கள். மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை நிறையப் பேர் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, மெதுவாக உள்ளே இழுத்து, பந்தை மேலேயே சில நொடி நிறுத்த வேண்டும். மணிக்குப் பத்து தடவை. பிறகு தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு ஓர் இருமல்.